முதல் 2,000 கிலோமீட்டர்



பி.எம்.டபிள்யூ எம்3 போன்றதோர் அதிவேகக் காரைப் புதிதாய்ப் பெற்றுக்கொள்ளச் செல்லும்போது, ஓடோமீட்டர் பூஜ்யத்தைக் காட்டவில்லையே என்று கலங்காதிருங்கள். ஆலைச் சோதனை, லாரியில் ஏற்றி இறக்குதல், ஒப்படைப்புக்கு முந்தைய பரிசோதனை ஆகியவற்றுக்காகச் சில கிலோமீட்டர் ஓடியிருப்பது இயல்பே. எண் 100-ஐக் கடந்திருந்தாலோ, ஓட்டியவர் யார், எதற்காக என்று கேளுங்கள். விடையை எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுங்கள். சூடேறாத எஞ்சினை விரட்டி ஓட்டிய 10 கிலோமீட்டர், பொறுமையாய் ஓட்டிய 100 கிலோமீட்டரினும் கேடானது என்பதே என் எண்ணம்.

எனினும், பிறர் ஓட்டிய தூரத்தை நுணுகி ஆராயும் நாம், நாமே ஓட்டப்போகும் தூரத்தில் கவனமாயிருக்கிறோமா? முதல் 2,000 கிலோமீட்டர் வரை நிமிடத்திற்கு 5,500 சுழற்சியையும், மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டலாகாது என்கிறது அக்காரின் கையேடு. ஒரே வேகத்தில் செல்லாமல் மாற்றி மாற்றி ஓட்டவும் வேண்டும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று இசைந்து படிவது அக்காலத்தில்தான். அப்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயில் கலப்பதால், 2,000 கிலோமீட்டரில் அவ்வெண்ணெய் மாற்றப்படுகிறது. புதிய டயர்களுக்கு 300, பிரேக்குகளுக்கு 500 கிலோமீட்டர் பழக்கம் தேவை.

வலிமை மிகுந்ததைக் கையில் பெற்றவரே முதலில் அடக்கத்தைக் கற்கக்கடவர்.