பிரசவத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி, இதயத்துக்கு வேறு ஆஸ்பத்திரி! தாயின் உயிருக்கு யார் பொறுப்பு?

சென்னையில் பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. வீட்டிலேயே மருத்துவச்சியை வைத்துப் பிரசவம் பார்த்த காலம் மலையேறிவிட்டது.

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 1,000 பிரசவங்களில் 996 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடந்தன.

அப்படியானால், பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இன்னும் சாகிறார்கள்?

கணக்கைப் பார்ப்போம். 2001-03-ல் தமிழ்நாட்டில் 1 லட்சம் குழந்தைகள் பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதற்கும் கணக்கு 97.

பாதிக்கு மேல் குறைந்தது சாதாரண விஷயம் அல்ல. ராத்திரியிலும் நர்சு இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

ஆனால் பக்கத்து கேரளாவில் அப்போதே 19-தான்!

54-லிருந்து இன்னும் கீழே இறக்குவது வேறு மாதிரியான வேலை. கட்டிடமும் வண்டியும் மட்டும் போதாது. பிரசவ டாக்டர், இதய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி எல்லாரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

இதயத்துக்கு இரட்டிப்பு வேலை

கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அவ்வளவையும் இறைப்பது இதயம்தான். நல்ல இதயம் தாங்கிக் கொள்ளும். வால்வு சுருங்கிய இதயம் திணறிப் போகும்.

சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, அதைத் தொடர்ந்து மூட்டு வீங்கியிருக்கும். சரியாக வைத்தியம் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். நெருக்கடியான வீடுகளில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம்.

சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2016 முதல் 2019 வரை இதய நோய் உள்ள 1,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கு எடுத்தார்கள். அவர்களில் 10-க்கு 6 பேருக்கு, இதயத்தில் கோளாறு இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது!

100-க்கு ஏறக்குறைய 2 பேர் இறந்து போனார்கள். மாநிலம் முழுவதற்குமான கணக்கோடு ஒப்பிட்டால் இது 30 மடங்குக்கும் மேல்.

"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும், பொறுத்துக்கோம்மா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். பல பேருக்கு அது உண்மையும்கூட. ஆனால் எந்த மூச்சு வாங்கல் சாதாரணம், எது ஆபத்து என்று நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்?

மாத்திரையை நிறுத்துவது யார்?

செயற்கை வால்வு பொருத்திய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அதே மாத்திரை முதல் சில மாதங்களில் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம்.

குழந்தைக்காகத் திடீரென்று நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டித் தாய்க்கு ஆபத்து. தொடர்ந்து கொடுத்தால் குழந்தைக்கு ஆபத்து.

இதைப் பிரசவ டாக்டர் மட்டும் முடிவு செய்ய முடியாது. இதய டாக்டர் மட்டும் முடிவு செய்யவும் முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து, அதுவும் கர்ப்பம் ஆவதற்கு முன்பே, அந்தப் பெண்ணையும் கணவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டிய விஷயம்.

பழைய காலத்துச் சுவர்

சென்னையில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி தொடங்கியது 1844-ல். ராயபுரம் ஆஸ்பத்திரி 1880-ல். இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று அழைக்கப்படும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-ல்.

ஆண்கள் வந்து போகும் இடத்துக்கு வரத் தயங்கிய பெண்களுக்காகவே கோஷா ஆஸ்பத்திரி தனியாகக் கட்டப்பட்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய உபகாரம்.

ஆனால் இன்று? எழும்பூர் ஆஸ்பத்திரி சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. அந்தக் கல்லூரியின் பெரிய இதய சிகிச்சைப் பிரிவு இருப்பதோ சென்ட்ரல் எதிரே, பொது மருத்துவமனையில். ராயபுரம் ஆஸ்பத்திரி ஸ்டான்லியைச் சேர்ந்தது. அதுவும் தனி வளாகம்தான்.

டாக்டரை அழைக்கலாம், நோயாளியையும் அனுப்பலாம். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசல் யாருக்காகவும் காத்திருக்காது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால், 2 மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம்.

தனியார் நர்சிங் ஹோம் கதை இன்னும் மோசம். ரத்த வங்கி கிடையாது, வேறு பிரிவு டாக்டர் கிடையாது என்று சின்ன இடங்கள் பல உண்டு. நிலைமை கை மீறிய பிறகு, "கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றால் என்ன பயன்?

சேர்ந்து யோசித்தால் முடியும்!

முடியும் என்பதற்கு இதே சென்னையில் உதாரணம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைச் சோதனை செய்ய, வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். விடியற்காலையில் பஸ் பிடித்துச் சாப்பிடாமல் வருவது எல்லாருக்கும் முடிகிற காரியமா? திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பல பேர் மறுபடி வரவே இல்லை.

சர்க்கரை நோய் டாக்டர் வி.சேஷையாவும் அவருடைய குழுவும் வேறு வழி காட்டினார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை. 140-ஐ எட்டினால் வைத்தியம் தொடங்க வேண்டும்.

2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டு வந்தது. சர்க்கரை டாக்டரின் வேலை பிரசவப் பிரிவுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. நோயாளி அலையவில்லை, சோதனைதான் அவளைத் தேடி வந்தது!

இதயத்துக்கும் ரத்தசோகைக்கும் மனநலத்துக்கும் இதே மாதிரி ஏன் செய்யக் கூடாது?

என்ன தேவை?

ஆபத்தான கர்ப்பம் என்று தெரிந்தவுடன், எல்லாப் பிரிவு டாக்டர்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும். பிரசவம் எங்கே, எப்படி, யார் கூட இருப்பது, ரத்தம் எங்கிருந்து வரும் என்பதை 8-வது மாதத்துக்கு முன்பே எழுதி, கர்ப்பிணியின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

2016 முதல் மாதந்தோறும் 9-ந்தேதி மத்திய அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சோதனை நடக்கிறது. ஆபத்து உள்ளவர்களின் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் போதுமா? அதைப் பார்த்தவுடன் யார் ஓடி வர வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குழந்தை பிறந்தவுடன் கடமை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. இதய நோயாளிக்குப் பிரசவம் முடிந்த முதல் 2 நாட்கள்தான் பெரிய கண்டம். கருப்பை சுருங்கும்போது ரத்தம் மொத்தமும் இதயத்தை நோக்கித் திரும்புகிறது. அடுத்த குழந்தை பெறலாமா, கூடாதா என்பதையும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

கர்ப்பிணிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? முகமும் கையும் திடீரென்று வீங்குகிறதா? தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல் இருக்கிறதா? கொஞ்சமாவது ரத்தம் படுகிறதா? கடையைச் சாத்திவிட்டாவது, ஆபீசுக்கு லீவு போட்டாவது உடனே அழைத்துப் போக வேண்டும். அவசரம் என்றால் 108.

போகும்போது பழைய சீட்டு, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரை அனைத்தையும் ஒரே பையில் எடுத்துப் போவது நல்லது. "இதய டாக்டர் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பிரிவுகளை ஒன்று சேர்ப்பது அரசாங்கத்தின் வேலை. அது நடக்கும் வரை, பல ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் ஒன்று சேர்த்து டாக்டர் முன்னால் வைப்பது குடும்பத்தின் வேலையாகத்தான் இருக்கிறது.