வாப்பா ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம்

வருட ஆரம்பத்தில் வகுப்பாசிரியை இடாப்பில் எழுதுவதற்காக "வாப்பா என்ன தொழில்?" என்று கேட்கும்போது, எங்களில் பலர் "சவூதியில் டிரைவர்", "கட்டாரில் டிரைவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். மீன்பிடி, வயல், கடை என்றால் அந்தத் தொழிலைப் பற்றி இரண்டு வசனமாவது நமக்குச் சொல்லத் தெரியும். வெளிநாட்டில் வாகனம் ஓட்டுவது எப்படிப்பட்டது என்று கேட்டால், அந்த வருமானத்தில் கட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டே விழிக்கிறோம். மாதக் கடைசியில் வரும் பணமும் லீவில் வரும்போது வந்திறங்கும் பெட்டியும்தான் நமக்குத் தெரிந்தவை. இந்த அறியாமை சின்னக் குறை அல்ல, அதில் உயிராபத்து இருக்கிறது என்பது என் கருத்து. அது எப்படி என்று சொல்வதற்கு முதலில் அந்த வீதிக்குப் போக வேண்டும்.

நமது நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்கின்றன. சவூதி, கட்டார், குவைத், அமீரகம் எல்லாவற்றிலும் வலப்பக்கம். இதைச் சொல்வது இலேசு. ஆனால் பக்கம் மாறினால் சாரதிக்கு மற்ற எல்லாமே மாறிவிடும். ஸ்டியரிங் இடது பக்கத்துக்குப் போய்விடும். இவ்வளவு காலமும் இடது கையால் போட்ட கியரை வலது கையால் போட வேண்டும். முந்திச் செல்வது இடது புறத்தால். சுற்றுவட்டத்தில் நாம் கடிகார முள் சுற்றும் திசையில் போய், வலப்பக்கத்தால் வருபவருக்கு வழிவிடுகிறோம். அங்கே அதற்கு நேர் எதிராகச் சுற்றி, இடப்பக்கத்தால் வருபவருக்கு வழிவிட வேண்டும். நாம் ஓட்டும் ஜப்பான் வாகனங்களில் சிக்னல் தண்டு ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தில் இருக்கும், அங்கே இடப்பக்கத்தில். என் மாமா பதினொரு வருடம் றியாத்தில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தவர். போன புதிதில் திரும்புவதற்கு சிக்னல் போட நினைத்துத் தண்டைத் தட்டினால், மழையே இல்லாத ஊரில் வைப்பர் ஆடத் தொடங்குமாம். பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள் என்று சொல்லி அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் திரும்பப் போகிறார் என்பது பின்னால் வந்த வாகனத்துக்குத் தெரியாமல் போயிருக்குமே.

சுவீடன் நாடு 1967 செப்டம்பர் 3 ஆம் திகதி அதிகாலை ஐந்து மணிக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அந்த மாற்றத்துக்காக 1963 இல் பாராளுமன்றம் தீர்மானித்து, நான்கு வருடங்கள் மக்களைத் தயார்ப்படுத்தினார்கள். வீதிப் பலகைகளை மாற்றினார்கள், பாடசாலைகளில் சொல்லிக்கொடுத்தார்கள், அன்றைக்குத் தேவையற்ற வாகனங்களை வீதியில் இறங்கவும் விடவில்லை. ஒரு முழு நாட்டுக்கு நான்கு வருடம் எடுத்த மாற்றத்தை, நமது ஊர் வாலிபர் கட்டுநாயக்காவில் ஏறி இறங்கும் ஓர் இரவுக்குள் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அரபியில் சொல்லப்படும் வழியும் பாதிதான் விளங்கும்.

நெரிசலான வீதியில்தான் பயம் என்று நாம் நினைப்போம். மாமா சொன்னது வேறு. நெரிசலில் முன்னால் போகும் வாகனத்தின் பின்னாலேயே போய்விடலாம், பிழை வராது. ஆபத்து வெறும் வீதியில்தானாம். சுபஹுக்குப் பிறகு பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, பார்த்துப் பின்தொடர ஒரு வாகனமும் இல்லாத நேரத்தில், கை தானாகப் பழைய பக்கத்துக்கு இழுக்கும். அதுவும் மனம் வேறெங்காவது இருக்கும்போது. உம்ராவுக்குப் போனவர்களுக்கு இது நடையிலேயே விளங்கியிருக்கும். மக்காவில் வீதியைக் கடக்க நின்றால் கண் முதலில் வலப்பக்கம் பார்க்கிறது, வாகனமோ இடப்பக்கத்தால் வருகிறது. நடப்பவருக்கே இப்படி என்றால், நமது அதிவேகப் பாதையின் எல்லையான 100 கிலோமீற்றரையும் தாண்டி 120 இல், சில நெடுஞ்சாலைகளில் 140 இல் ஓட அனுமதியுள்ள நாட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பிழை நடந்தால் அங்கே கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்பதும் இல்லை. 2010 இல் றியாத்தில் தொடங்கிய கெமரா முறைக்கு 'ஸாஹிர்' என்று பெயர். உறங்காமல் விழித்திருப்பவன் என்று பொருள். பொருத்தமான பெயர்தான். கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டினால் சவூதியில் 500 முதல் 900 றியால் வரை தண்டம். அமீரகத்தில் 800 திர்ஹமும் நான்கு கரும்புள்ளிகளும். வருடத்தில் 24 புள்ளி சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். தண்டம் வாகனச் சொந்தக்காரரின் பெயருக்கு வந்தாலும், பல வீடுகளில் அது சாரதியின் சம்பளத்தில்தான் கழியும். விபத்தில் ஓர் உயிர் போய்விட்டால் தியத் இலட்சக்கணக்கான றியாலாக இருக்கும். வழமையாகக் காப்புறுதி அதைக் கட்டும். ஆனால் எதிர்த்திசையில் ஓட்டியிருந்தால், சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தால், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாதிருந்தால், கட்டிய பணத்தை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஒரு கணம் பழைய பக்கத்துக்கு இழுத்த கை, ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சம்பாத்தியத்தையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

இந்த இடத்தில் பெற்றோரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து மை காயுமுன்னரே காக்காமாரை "டிரைவர் விசா வந்திருக்கிறது" என்று ஏன் அனுப்புகிறீர்கள்? முச்சக்கர வண்டி ஓடியது அனுபவம் என்று முகவர் சொல்வார். அவருக்குத் தரகுப் பணம் கிடைத்துவிடும். இங்கே இரண்டு வருடமாவது கார், வேன் ஓட்டி, இரவில், மழையில், நீண்ட தூரம் என்று பழகாத ஒருவரை அனுப்பக் கூடாது. தச்சுவேலைக்குப் போகிறவரிடம் "உளி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்கிறோம். வாகனம் ஓட்டுவதும் கைத்தொழில்தானே.

வேலை நேரத்தையும் சொல்ல வேண்டும். ஹவுஸ் டிரைவர் என்றால் ஓடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். ஆனால் அது ஓய்வு அல்ல, எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத காத்திருப்பு. வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது ஒன்பது மணித்தியால ஓய்வும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும் என்று சவூதியில் 2013 இலேயே விதி வந்துவிட்டது. அதைத் தெரிந்து, கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்? கபீலின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்று 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்திலும் வீட்டுச் சாரதிகள் சேர்க்கப்படவில்லை.

பெண் பிள்ளைகளாகிய நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990 நவம்பரில் 47 பெண்கள் தாமே கார் ஓட்டி றியாத் வீதியில் சென்றார்கள், பிடிக்கப்பட்டார்கள். 28 வருடங்களுக்குப் பிறகு, 2018 ஜூன் 24 இல்தான் அங்கே பெண்கள் வாகனம் ஓட்டுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அந்தத் தடை இருந்தபடியால்தான் இத்தனை வீடுகளுக்குச் சாரதி தேவைப்பட்டார். நமது வாப்பாமாருக்கு வேலையும் கிடைத்தது. அந்தப் பெண்களுக்காகச் சந்தோஷப்படும் அதே வாயால் "இனி வாப்பாவின் வேலை?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டும் உண்மைதான். ஒன்றை மறைத்து மற்றதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

இனி, நம் கையில் இருக்கும் விடயத்துக்கு வருகிறேன். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பின்னேர வகுப்பு முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் அங்கே ஒன்றரை மணி. பாடசாலை விட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெயிலில், நெரிசலில் வாப்பா ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு நாம் ஆறுதலாகக் கதைக்க உட்கார்ந்தால் அங்கே ஏழரை மணி. கடைத்தெருவுக்கு வீட்டாரைக் கொண்டுபோகும் நேரம். நமக்கு ஓய்வான நேரங்கள் அவருக்கு வீதியில் இருக்கும் நேரங்கள். ஆனாலும் அவர் போனை எடுப்பார். மகள் அழைக்கிறாள் என்றால் எந்த வாப்பாதான் எடுக்க மாட்டார்? "ஹேன்ட்ஸ்ஃப்ரீதானே" என்பார். "கரண்ட் பில் கூடிவிட்டது, தம்பிக்குக் காய்ச்சல், மூத்தம்மா ஒரே அழுகை" என்று நாம் சொல்லச் சொல்ல, கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் ஊருக்கு வந்துவிடும். மாமா சொன்ன அந்த வெறும் வீதி அப்போது முன்னால் வந்தால்?

கதைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருப்பவருக்கு நம் குரலைவிட வேறென்ன இருக்கிறது? நேரத்தை அவர் தீர்மானிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். அழைத்ததும் முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா வாப்பா?" என்பதாக இல்லாமல் "ஓடுறீங்களா?" என்பதாக இருக்கட்டும். "ஓம்" என்றால் உடனே வைத்துவிட வேண்டும். உம்மாமார் இதைக் கோபமாக எடுக்கக் கூடாது, "என்னோட கதைக்க விருப்பமில்லையா" என்று கேட்கவும் கூடாது. காய்ச்சல், கடன், சண்டை போன்ற செய்திகளைக் குரல் பதிவாகக்கூட அந்நேரம் அனுப்ப வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது போட்டுக் கேட்பார்.

எங்கள் மாமியின் வீட்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாகனத்தை நிறுத்தி, திறப்பைக் கழற்றிய பிறகு மாமா ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார். அதன்பின் மாமி எடுப்பார். சில நாட்களில் அது வர நமது நேரம் நள்ளிரவு ஒரு மணியாகிவிடும். மாமி பாயில் சாய்ந்தபடி விழித்திருப்பார்.