சுங்குடிப் புள்ளிக்குச் சொந்தத் தூரிகை

எரியோட்டு அன்பர்கள் நன்கறிந்த சின்னாளபட்டிச் சுங்குடிக்கு அழகு தருவது முடிச்சு. கையால் முடிந்து சாயத்தில் தோய்த்த புள்ளிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. கணினியில் மாதிரி வரைவோரோ, ஆயத்தமாயுள்ள உருண்டைத் தூரிகையையே அழுத்துகின்றனர். புள்ளிகளெல்லாம் சட்டைப் பொத்தான்களாகிவிடுகின்றன!

1996-இல் வெளிவந்த கிம்ப் என்னும் விலையில்லா மென்பொருளிலேயே தூரிகையை நாமே செய்துகொள்ளலாம். பழஞ்சேலையின் பத்துப் புள்ளிகளைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குக. கறுத்த இடமே வண்ணம் இடும்; சாம்பல் மெலிதாய்ப் படியும்; வெள்ளை ஒன்றும் இடாது. சுங்குடியில் புள்ளி வெளுப்பாதலின் படத்தை எதிர்மறையாக்க வேண்டும். பத்தையும் ஒரே தூரிகையில் அடுக்கினால், தொடுந்தோறும் வேறு புள்ளி விழும்.

அக்கோப்பைச் சங்கம் தன் வசம் வைத்துக்கொள்வது அவசியம். கூலிக்கு வரைபவரின் கணினியிலேயே அது தங்கிவிட்டால், அடுத்த தீபாவளிக்கு நம் புள்ளியை அயலார் விசைத்தறித் துணியில் காண நேரும்.