எழுத்துக்கும் பட்டா வேண்டும்

1892இல் நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்று விதி இருந்தது. அப்படியும் ஏராளமான நிலம் கைவிட்டுப் போனது. நம்மிடம் காகிதம் இல்லாவிட்டால், இருந்தும் படித்துப் பார்க்காவிட்டால், உரிமை ஏட்டோடு நின்றுவிடும். நம் எழுத்துக்கும் இன்று அந்த நிலை வந்திருக்கிறது.

கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவை லட்சக்கணக்கான புத்தகங்களைக் கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். புத்தகங்களைக் கொண்டு பழக்குவது நியாயமான பயன்பாடு, திருட்டுப் பிரதிகளை இறக்கிச் சேர்த்துவைத்தது அப்படியல்ல என்று 2025 ஜூனில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். நிறுவனம் 150 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. புத்தகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால், அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான புத்தகங்களுக்கு மட்டுமே அந்தப் பணம்.

இங்கும் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024இல் தொடுத்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. புத்தகங்களைப் பயன்படுத்த நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம், படைப்பாளிக்கு ராயல்டி என்று ஒன்றிய அரசு அமைத்த குழு 2025 டிசம்பரில் யோசனை சொன்னது. பணம் பிரிக்கும் நாளில் பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்பதே நம் கேள்வி.

நம் எழுத்து அதில் சேரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சேராவிட்டால், நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதியதையே அது ஒப்பிக்கும். நம் பெயரோடும் நம் சம்மதத்தோடும் உரிய கூலியோடும் சேர வேண்டும் என்கிறோம். ராயல்டியைப் பிரிக்கும் அமைப்பில் தலித் எழுத்தாளர்களுக்கு இடம் வேண்டும். எழுதியவர் பெயரில்லாத நம் ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் யார் பொறுப்பு என்பதையும் அரசு சொல்ல வேண்டும்.

எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கே செல்லும். வாய்ப்பேச்சில் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். எதற்குக் கொடுக்கிறீர்கள், எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதி வாங்குங்கள். நிலத்தில் ஏமாந்தது போதும்.