பொன்னுக்கு முத்திரை, பொன் செய்தவனுக்கு?

மாலை ஆறு மணிக்குப் பனகல் பூங்காவின் ஓரமாக நின்று உஸ்மான் சாலையைப் பாருங்கள். கண்ணாடிக் கதவுகள் திறந்து திறந்து மூடுகின்றன. உள்ளே அட்டிகை சிரிக்கிறது, ஒட்டியாணம் மின்னுகிறது, ஜிமிக்கி ஆடுகிறது. மாம்பலம் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் நீந்தி வந்த குடும்பம் ஒன்று, ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு படியேறுகிறது.

விற்பனையாளர் ஒரு வளையலை எடுத்து நீட்டுகிறார். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் தருகிறார். "பாருங்கம்மா, ஹால்மார்க் முத்திரை. பக்கத்திலே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. இந்த நகை எங்கே சோதிக்கப்பட்டது, எத்தனை காரட் என்று எல்லாம் அதிலே தெரியும்." உண்மைதான். ஒருசில விலக்குகள் போக, 2023 ஏப்ரல் 1 முதல் இந்தச் சென்னையிலே அந்தக் குறி இல்லாமல் கடைக்காரர் தங்க நகை விற்கக் கூடாது. நல்ல சட்டம். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது அல்லவா?

அந்த வளையலைச் செய்தவன் எங்கே? அவனுக்கு என்ன முத்திரை? அவன் எங்கே சோதிக்கப்பட்டான், எத்தனை ஆண்டு வெந்தான் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பெரிய சாலைக்குப் பின்னால், குறுகலான படிக்கட்டு ஏறிப் போனால் ஒரு பட்டறை. இருபத்தைந்து பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நண்பர் இருபத்திரண்டு வயதில் அங்கே வந்து உட்கார்ந்தார். இப்போது முப்பத்தாறு. கம்பி இழுப்பார், பற்றவைப்பார், கல் பதிப்பார். கல் பதிப்பதில் அவருக்கு நிகர் அந்தப் பட்டறையில் இல்லை என்று முதலாளியே வாடிக்கையாளரிடம் பெருமை பேசுவார்.

கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர், "உன் தொழில் இங்கே திறன் தொழில் பட்டியலில் இருக்கிறது, நிரந்தரக் குடியுரிமைக்கு மனுப் போடு" என்று சொன்னார். நண்பர் விசாரித்தார். பிறந்த நாட்டைப் பாராமல் தகுதிக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது 1967இல். நண்பர் விசாரித்தபோது இருந்த விதி இது: மத்தியத் திறன் தொழிலாளர் பிரிவில் நூற்றுக்கு 67 வேண்டும். அயல்நாட்டு வேலை அனுபவம் ஓராண்டு என்றால் 9, ஆறாண்டும் அதற்கு மேலும் என்றால் 15. வயதுக்கு, 35 வரை 12. அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறையும். கடந்த பத்தாண்டுக்குள் ஓராண்டாவது இடைவிடாமல், வாரத்துக்கு 30 மணி வீதம் 1,560 மணி, திறன் தொழிலில் உழைத்ததற்குச் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் மனுவை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மொழித் தேர்வு உண்டு, படிப்பை மதிப்பிடுவது உண்டு, கையில் பணம் காட்டுவது உண்டு, 67 வாங்கிய பிறகும் தரவரிசை உண்டு. கடிதம் ஒன்று கிடைத்தால் கதவு தானே திறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடிதம் இல்லையென்றால் கதவருகே போகவே வழியில்லை. பதினான்கு ஆண்டு உழைத்தவன் வாங்கவேண்டிய 15, தாள் இல்லாததால் பூஜ்யம் ஆகிறது.

அவர்கள் கேட்கும் கடிதம்தான் என்ன? நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாள். பொறுப்பாளரின் பெயர், பதவி, கையெழுத்து. சேர்ந்த நாள், விட்ட நாள். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு என்ன சம்பளம். முக்கியமானது, செய்த வேலைகள் என்னென்ன என்ற விவரம். பதவிப் பெயரை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. கை என்ன செய்தது என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. இந்த ஒரு பக்கத் தாளைக் கேட்டு நண்பர் போனார்.

"முதலாளி, ஒரு கடிதம் வேணும்."

"என்ன கடிதம்ப்பா?"

"பதினாலு வருஷமா இங்கே வேலை செய்யறேன்னு."

"உன்னை எனக்குத் தெரியாதா? யார் கேட்டாலும் போனிலே சொல்றேன்."

"போனிலே சொன்னா ஆகாதாம். தாளிலே வேணுமாம்."

"தாளா? ஆடிட்டரைக் கேக்கணும். ஆடி கழியட்டும், பார்க்கலாம்."

ஆடி கழிந்தது. தீபாவளி விற்பனை முடியட்டும் என்றார். முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றார். போயிற்று. அட்சய திருதியை நெருங்கும்போது ஒரு தாள் வந்தது. "இவர் எங்களுக்கு நன்கு தெரிந்தவர். நல்லவர், ஒழுக்கமானவர்." நாளும் இல்லை, சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. நல்லவர் என்பதற்கு எந்த நாட்டிலும் மதிப்பெண் கிடையாது, தோழர்களே!

அந்த முதலாளி கொடியவரா? இல்லை. நண்பரின் தங்கை திருமணத்துக்கு முன்பணம் தந்தவர். காய்ச்சல் என்றால் ஆட்டோ வைத்து அனுப்புகிறவர். பணம் தந்த கை, ஒரு கையெழுத்துப் போட ஏன் நடுங்குகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஐந்தாண்டு வேலை செய்தவர் விலகும்போது ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடை தரவேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும் அதுதான். அதன் இடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்வதும் அதுதான். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கே அது பொருந்தும். மாதம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,000. பதினைந்து நாள், பதினான்கு ஆண்டு: 2,10,000 ரூபாய். இருபது பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் வருங்கால வைப்பு நிதி வேறு. "இவர் என்னிடம் பதினான்கு ஆண்டு வேலை செய்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது கனடாவுக்குப் போகும் சான்றாக மட்டும் நிற்காது. தேனாம்பேட்டையில் இருக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால், அதுவே கடன் பத்திரம்! அதனால்தான் முன்பணம் கிடைக்கிறது. முகவரித் தாள் கிடைப்பதில்லை. முன்பணம் தந்தால் தொழிலாளி கடனாளி. சான்று தந்தால் முதலாளி கடனாளி.

அந்தப் பட்டறையில் கணக்கே இல்லையா என்றால், இருக்கிறது. காலையில் தங்கத்தை நிறுத்துக் கொடுக்கும்போது நண்பர் பெயரில் பற்று எழுதுகிறார்கள். மாலையில் நகையையும் தூளையும் நிறுத்து வாங்கும்போது வரவு எழுதுகிறார்கள். மில்லிகிராம் குறைந்தாலும் கூலியில் பிடிக்கிறார்கள். பதினான்கு ஆண்டு, ஒரு நாள் விடாமல், அவர் பெயர் அந்தப் பேரேட்டில் இருக்கிறது! நாளைக்கே தங்கம் காணோம் என்று காவல் நிலையம் போனால் அந்தப் பேரேடு சாட்சிக்கு வரும். உழைத்தான் என்று சொல்ல மட்டும் அது வாய் திறக்காது.

இது இன்று நேற்றுப் பிறந்த கொடுமை அன்று. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யாதே என்றார்கள். நாடெங்கும் பொற்கொல்லர் பட்டறைகளில் உலை அணைந்தது. 1968இல் வந்த சட்டம், சான்று பெற்ற பொற்கொல்லர் என்று ஒரு வகையை ஏற்படுத்தியது. தலைமுறை தலைமுறையாகத் தட்டியவன் தான் தட்டான் என்பதற்குத் தாள் வாங்க வேண்டியதாயிற்று. 1990இல் அந்தச் சட்டம் போயிற்று. தாளின் ஆட்சி போகவில்லை.

கடல் கடந்து பாருங்கள். 1948இல் இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் செய்தது. மலையகத் தோட்டங்களில் தேயிலை கிள்ளிய நம் மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தடையின்றிக் குடியிருந்ததற்குச் சான்று காட்டு என்றது. அந்தத் தீவிலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே தாயைப் புதைத்தவனிடம் தாள் ஏது? விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் தள்ளப்பட்டார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பங்கு பிரித்தார்கள். உழைத்தவன் கணக்கை உழைத்தவன் வைத்துக்கொள்ளாவிட்டால், அவனையே கணக்கில் எழுதிப் பங்கு போடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"தாய்நாட்டை விட்டு ஓடுகிறவனுக்குத் தாள் வாங்கித் தருவதா சங்கத்தின் வேலை?" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நண்பர் போக வேண்டும் என்பது என் ஆசை அல்ல. அவர் கை இந்த ஊரிலேயே இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் போவதா இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையதா, பட்டறைப் பேரேட்டைப் பூட்டி வைத்திருப்பவருடையதா? அந்தத் தாள் கனடாவுக்கு மட்டுமா வேண்டும்? வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கிறது. அமிலம் தெறித்துக் கண் போனால் இழப்பீடு கேட்கும் இடத்தில் கேட்கிறார்கள். அவன் இறந்துபோனால், "உன் கணவன் இங்கே வேலை செய்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று அவன் மனைவியைக் கேட்கிறார்கள். போகிறவனுக்கு ஒரு முறை வேண்டிய தாள், இருக்கிறவனுக்கு வாழ்நாளெல்லாம் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தி, கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. நாற்காலி கேட்டுப் பெற 74 ஆண்டு! அதுவும் கேட்டதால் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய நான்கு தொழிலாளர் தொகுப்புகளைச் சங்கங்கள் எதிர்க்கின்றன. ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற எல்லையை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தியவர்களை எதிர்க்காமல் என்ன செய்வது? அந்த எதிர்ப்பு தொடரட்டும். ஆனால் அதே தொகுப்பு ஒன்றில், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும், முன்பே சேர்ந்தவருக்கு மூன்று மாதத்துக்குள் தரவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நூறு வரியை எதிர்க்கும் நாம், நமக்கு உதவும் ஒரு வரியை முதலாளி மறைக்க விடலாமா?

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நியமனக் கடிதத்தை வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூலியை வங்கி வழியாக வாங்குங்கள். வங்கிப் புத்தகம் பொய் சொல்லாது. வைப்பு நிதி பிடிப்பதாகச் சொன்னால் உங்கள் பொதுக் கணக்கு எண்ணைக் கேட்டு, பணம் கட்டுகிறார்களா என்று மாதாமாதம் பாருங்கள். எந்த நாளில் சேர்ந்தீர்கள் என்பதும் அதில் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் இன்று என்ன வேலை, எத்தனை மணி என்று எழுதுங்கள். ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போகும்போது, கடைசி நாளிலேயே, மனம் கசக்கும் முன்பே, சான்று வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "அஞ்சாயிரம் கொடு, பெரிய கம்பெனி தாளில் அச்சடித்துத் தருகிறேன்" என்று தரகன் வருவான். அயல்நாட்டு அதிகாரி அந்தத் தாளிலுள்ள எண்ணுக்குப் பேசிப் பார்ப்பான். பொய் என்று கண்டால் கனடாவில் ஐந்தாண்டு தடை. பதினான்கு ஆண்டு உண்மையாய் உழைத்தவன் ஒரு பொய்த் தாளால் பொய்யன் ஆக வேண்டுமா?

கிளைத் தோழர்களே! படிப்பகத்தில் நாளேடு இருக்கிறது, தலைவர்கள் படம் இருக்கிறது. அங்கே ஒரு மாதிரிக் கடிதத்தையும் மாட்டுங்கள். சேர்ந்த நாள், வேலை, மணி, சம்பளம், கையெழுத்து என்று ஐந்தே வரி. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், எழுதத் தெரிந்த தோழர் எழுதத் தெரியாத தோழருக்கு எழுதிக் கொடுக்கட்டும். முதலாளி மறுத்தால் தனி ஆளாக அவன் திரும்பிப் போக வேண்டாம். இருபத்தைந்து பேரின் கடிதமும் ஒரே நாளில் ஒரே மேசைக்குப் போகட்டும். ஒருவனுக்கு ஆடிட்டரைக் கேட்கிற முதலாளி, இருபத்தைந்து பேருக்குச் சட்டத்தைக் கேட்பார்.

நண்பர் தன் கூடப் பணி செய்பவர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டிருக்கிறார். சில ஆண்டுகளாகச் சம்பளம் வங்கியில் விழுந்ததால் அந்தத் தாள்களும் கையில் இருக்கின்றன. அடுத்த பிறந்த நாளில் அவருக்கு இன்னொரு மதிப்பெண் குறையும். நேற்றும் காலை ஒன்பது மணிக்குப் படியேறினார்; தங்கத்தை நிறுத்துக் கொடுத்தார்கள், அவர் பெயரை எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். எழுத வைக்க வேண்டியது நம் வேலை.