நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள்!

நாள் பார்க்காதே, நட்சத்திரம் பார்க்காதே, ராகுகாலம் பார்க்காதே என்று இத்தனை காலமாய்க் கத்திக்கொண்டிருக்கிற நாம், இன்று நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள் என்று எழுதப் புறப்பட்டதைக் கண்டு சிலர் ஆச்சரியப்படலாம். பஞ்சாங்கக்காரர் சந்தோஷப்படவுங்கூடும். ஆனால் நாம் சொல்லுவது வானத்திலிருக்கும் அசுவினியையும் பரணியையும் அல்ல. குளிர்ப்பெட்டியின் மேலும் ஏ.சி. யந்திரத்தின் மேலும் ஒட்டியிருக்கிறதே ஒரு காகிதச் சீட்டு, அதிலுள்ள நட்சத்திரத்தைத்தான் சொல்லுகிறோம். 2001ஆம் வருஷத்து எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி ஏற்பட்ட சர்க்கார் இலாகா 2006 முதல் இந்தச் சீட்டை நடத்தி வருகிறது. இன்ன யந்திரம் வருஷத்துக்கு இத்தனை யூனிட் மின்சாரம் தின்னும் என்று சோதித்து, அந்த எண்ணை அதில் அச்சடித்திருக்கிறார்கள். வானத்து நட்சத்திரம் உங்கள் கரண்டு பில்லில் ஒரு காசுகூடக் குறைக்காது. இந்தக் காகித நட்சத்திரம் குறைக்கும்.

நம் மக்கள் செய்வது என்ன? முப்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் குளிர்ப்பெட்டி வாங்கப் போகிறவர், எந்த நாளில் வாங்குவது, எந்த நாழிகையில் வீட்டுக்குள் கொண்டுவருவது என்று சோதிடரைக் கேட்கிறார். ஆனால் அது எத்தனை யூனிட் தின்னும் என்று கடைக்காரரைக் கேட்பதில்லை. ராகுகாலத்தில் வாங்கிய பெட்டிக்கும் நல்ல நேரத்தில் வாங்கிய பெட்டிக்கும் மின்சார மீட்டர் ஏதாவது வித்தியாசம் காட்டுமா என்று கேட்கிறோம்.

இந்த நல்ல நாளின் யோக்கியதையை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆடி மாதத்தைப் பார்த்தாலே போதும். ஆடி ஆகாத மாதம், எதையும் வாங்கக்கூடாது என்று புரோகிதர் சொல்லி வைத்தார். ஜனங்கள் கடைப்பக்கம் வரவில்லை. வியாபாரி என்ன செய்தார்? "ஆடித் தள்ளுபடி" என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டு, விலையில் நூற்றுக்குப் பத்தோ இருபதோ குறைத்தார். உடனே ஆகாத மாதத்திலேயே கடை கொள்ளாத கூட்டம் கூடிவிட்டது! ஆகவே, பல நூற்றாண்டுத் தோஷத்தின் மொத்த பலமே நூற்றுக்குப் பத்து ரூபாய்தான் என்று ஏற்படவில்லையா? 2025 செப்டம்பர் 22ந் தேதி முதல் ஏ.சி. யந்திரத்துக்கு வரி நூற்றுக்கு 28லிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்காக எந்தக் கிரகமும் இடம் பெயரவில்லை. சட்டம் மாறியது, விலை மாறியது. வாங்குகிறவருக்கு வேண்டிய நல்ல நேரம் இப்படிப்பட்டதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். எந்த யந்திரத்துக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று கடையில் ஒரே நாளில் கொடுப்பது. மற்றொன்று மின்சாரக் கட்டணமாக வருஷக்கணக்கில் கொடுப்பது. முதல் விலையைப் பேரம் பேசுகிறவர்கள் இரண்டாவது விலையை நினைப்பதேயில்லை.

ஒரு பெட்டியின் சீட்டில் வருஷத்துக்கு 150 யூனிட் என்றும், அதே அளவுள்ள மற்றொன்றில் 230 யூனிட் என்றும் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 80 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 480 ரூபாய். பத்து வருஷத்தில் 4,800 ரூபாய். முதற்பெட்டி 3,000 ரூபாய் விலை கூடுதலாயிருந்தாலும் அதுவே மலிவானது. ஏனெனில் குளிர்ப்பெட்டி இராப்பகல் 24 மணி நேரமும் மின்சாரத்தில் மாட்டியிருப்பது.

ஆனால் ஐந்து நட்சத்திரம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களையும் நாம் ஆதரிக்கவில்லை. ஏ.சி. சீட்டிலுள்ள எண் வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. நீங்களோ கோடையில் 60 இரவு, இரவுக்கு 8 மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் 480 மணி நேரந்தான் ஆகிறது. சீட்டின்படி இரண்டு யந்திரங்களுக்குள் 250 யூனிட் வித்தியாசமிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 75 யூனிட், அதாவது 450 ரூபாய். இதற்காக 9,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அதை மீட்க 20 வருஷமாகும்! அப்படிப்பட்டவருக்கு மூன்று நட்சத்திரமே புத்திசாலித்தனம். வருஷம் பூராவும் ஓட்டுகிறவருக்கு ஐந்து நட்சத்திரம் லாபம். அன்றியும், இந்த அளவுகோலைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். பழைய சீட்டின் ஐந்து புதிய கணக்கில் நாலோ மூன்றோ ஆகிவிடும். ஆகையால் சீட்டிலுள்ள வருஷத்தையும் யூனிட்டையும் படித்துவிட்டுப் பிறகு நட்சத்திரத்தை எண்ணுங்கள்.

நம் நாட்டு மின்சாரக் கட்டணத்தில் மற்றொரு சூட்சுமமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வகுத்த முறைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்ற வீட்டுக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட் ஒவ்வொன்றுக்கும் ரூ. 2.25. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு அதே யூனிட்டுகளுக்கு ரூ. 4.50. அதாவது 501ஆவது யூனிட் தன் விலையோடு நில்லாமல் 225 ரூபாயையும் இழுத்துக்கொண்டு வந்தது. விகிதங்கள் பின்னால் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் படிக்குப் படி விலை ஏறுகிறது என்பதை அறிந்து, புது யந்திரம் உங்களை எந்தப் படிக்கு ஏற்றும் என்று உங்கள் பில்லை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்பது மற்றொரு பித்தலாட்டம். ரொக்கமாய்க் கொடுத்தால் 28,000 ரூபாய்க்குக் கிடைக்கும் சாமானை, தவணை என்றால் 30,000 என்று விலை வைத்து, மாதம் 3,000 வீதம் பத்து மாதம் கட்டச் சொல்லி, முன்கூலியாக 500 ரூபாயும் வாங்கிக்கொண்டால், அந்த 2,500 ரூபாய்க்கு வட்டி என்று பெயரில்லாமல் வேறென்ன பெயர்? கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேலே போகிறது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் பாங்கு, வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று பாங்குகளுக்கு எழுதிவிட்டது. ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது, "ரொக்கத்துக்கு என்ன விலை?" என்பதே.

வாங்கிய பிறகாவது அறிவு வேலை செய்கிறதா? மின்சார யந்திரம் அக்கினி மூலையில்தான் இருக்கவேண்டும் என்று ஒரு வாஸ்துக்காரர் சொல்லுகிறார். இல்லை, வாயு மூலையே சிலாக்கியம் என்கிறார் மற்றொருவர். முந்தியவர் பேச்சைக் கேட்டு, அடுப்பு எரிகிற மூலையிலேயே குளிர்ப்பெட்டியையும் சுவரோடு ஒட்டி வைக்கிறார்கள். குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்கும் மாயப்பெட்டி அல்ல. உள்ளேயிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதே அதன் வேலை. பக்கத்தில் அடுப்பும் முதுகில் சுவரும் இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? யந்திரம் ஓய்வில்லாமல் ஓடும். மீட்டரும் கூடவே ஓடும். காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். சூடான குழம்பை ஆறவிட்டு உள்ளே வையுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கதவு ரப்பர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். ஏ.சி.யின் உள்ளே இருக்கும் தூசி வலையை மட்டும் கழுவுவதில்லை! அதைக் கழுவுவதே யந்திரத்துக்குச் செய்யும் உண்மையான பூஜை. 2020 முதல் புது ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்திருக்கிறார்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மேற்படி இலாகாவின் கணக்கு. துணி துவைக்கும் யந்திரத்தில் அரைகுறையாய்த் துணி போடாமல் நிரப்பிப் போடுங்கள். தண்ணீரைச் சூடாக்காமல் துவையுங்கள். உலர்த்த வெயில் இருக்கிறது, அதற்கு மீட்டர் கிடையாது.

சிக்கனம் என்று நாம் சொன்னவுடன், "அப்படியானால் துவைக்கும் யந்திரமே வேண்டாம், வீட்டில்தான் பெண்கள் இருக்கிறார்களே" என்று சொல்லும் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் வீட்டில் பெண்ணின் உழைப்புக்கு விலையே கிடையாது. ஆகையால் அவள் முதுகொடிவது இவர்களுக்கு மிச்சமாகத் தோன்றுகிறது. ஒரு பெண்ணைக் கல்லிலிருந்தும் வாளியிலிருந்தும் விடுவித்து, பத்திரிகை படிக்கவும், சம்பாதிக்கவும், சும்மா உட்காரவும் நேரம் கொடுக்கிற யந்திரம் ஆடம்பரமல்ல. அதை வாங்குவதற்காகத்தான் மற்றவற்றில் சிக்கனம் வேண்டும்.

ஆடம்பரம் எது தெரியுமா? பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர் வரிசை என்று, கடன் வாங்கி, ஊர் பார்க்கப் பெரிய பெட்டியாக வாங்கி வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்களே, அதுதான். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961லேயே சட்டமாகியும், மேற்படி சங்கதி "சீர்" என்ற பெயரில் நடந்துகொண்டுதானிருக்கிறது. இரண்டு பேர் வாழும் வீட்டில் பத்துப் பேருக்கான பெட்டி நின்று மின்சாரம் தின்னும். கடனுக்கு வட்டி கட்டுகிற தகப்பன் வீட்டில் தங்கையின் படிப்பு நிற்கும். எந்த நட்சத்திரம் வந்து அந்தப் படிப்பை மீட்டுக் கொடுக்கும்?

ஆகவே தோழர்களே! யந்திரம் வாங்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, தாராளமாய் வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும்போது பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பென்சிலையும் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு எத்தனை பேர், நாளுக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை யூனிட், ரொக்க விலை எவ்வளவு என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். அந்த நாலு வரியை வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து போடுங்கள். அந்த யந்திரத்தோடு நாள் முழுதும் பாடுபடுகிறவர்கள் அவர்களே.