எல்லாமே நைக்ரோம்தானா?



அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், லேபில் இருக்கும் மஃபிள் ஃபர்னஸ்... எதைக் காட்டி "உள்ளே என்ன கம்பி?" என்று கேட்டாலும் நம் வாயில் வரும் ஒரே பதில், "நைக்ரோம் சார்!" வைவாவில் அதற்கு மார்க்கும் விழுந்துவிடுகிறது. ஆனால் இந்த அரைகுறை அறிவு எங்கள் பேட்சுக்குக் கைக்காசைக் கரைத்தது.

சென்ற ஆண்டு ஹீட் ட்ரீட்மெண்ட் பிராக்டிகலுக்கு நாலு நாள் இருக்கும்போது ஃபர்னஸ் காயில் அறுந்துபோனது. "நைக்ரோம்தானேடா, இழுத்து முறுக்கி விட்டாப் போச்சு" என்றான் ஒருவன். மெயினை ஆஃப் செய்து, நன்றாக ஆறவிட்டு இழுத்தோம். காய்ந்த ஈர்க்குச்சி மாதிரி பொட்டுப் பொட்டென்று ஒடிந்தது. தானாக அறுந்தது ஓரிடம். நாங்கள் ஒடித்தது ஐந்திடம்! பிரேக்கேஜ் பணம் எல்லோர் தலையிலும் விழுந்தது. "டூப்ளிகேட் கம்பி" என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தோம்.

பாவம், கடைக்காரர். அது நைக்ரோமே இல்லை, இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவை.

80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம் கொண்ட நைக்ரோமுக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். பிறகு சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ, நிக்கலே இல்லாத இந்தக் கலவையை உருவாக்கினார். ஹால்ஸ்டாஹம்மர் என்ற ஊரில் 1931-இல் கம்பெனி பிறந்தது. அவர் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்ததுதான் 'கான்தால்'.

இதில் குரோமியம் சுமார் 22 சதவீதம், அலுமினியம் 5 முதல் 6 சதவீதம், மீதி பெரும்பாலும் இரும்பு. "இரும்புதானே" என்று இளக்காரம் வேண்டாம்! சூடானதும் அலுமினியம் மேலே வந்து மெல்லிய அலுமினா தோலாகப் படிந்து, ஆக்சிஜனை உள்ளே விடாமல் தடுக்கிறது. தோல் உரிந்தால் உள்ளிருக்கும் அலுமினியம் மறுபடி போர்த்திவிடும். அந்த இருப்பு தீரும்வரை கம்பிக்கு ஆயுள். நைக்ரோம் சுமார் 1200 டிகிரி செல்சியஸோடு நிற்க, இதில் உயர்ந்த ரகம் 1400 வரை தாங்கும். மின்தடைத் திறனும் அதிகம். ஒரே தடிமனில், நைக்ரோம் நீளத்தில் முக்கால் பங்கு போதும்.

குறையும் உண்டு. பழுக்கக் காய்ந்தால் தொய்யும். பீங்கான் பள்ளம் தாங்க வேண்டும். அதிகச் சூட்டில் உழைத்தபின் உள்ளே படிகங்கள் பெருத்துவிடுவதால், ஆறியதும் நொறுங்கும். அசைத்தே ஆகவேண்டுமென்றால் கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, தனியாகச் சூடேற்றி மெல்ல வளைக்க வேண்டும். நைக்ரோமோ பழசானாலும் வளைந்து கொடுக்கும். ஆக, எது உசத்தி என்பதல்ல கேள்வி. கையில் இருப்பது எது என்பதே கேள்வி.

அதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஆறிய கம்பியில் ஒரு காந்தத்தை வையுங்கள். இரும்புக் கலவை ஒட்டும்; 80-20 நைக்ரோம் ஒட்டாது. அவ்வளவுதான்!

ஒவ்வொரு ஃபர்னஸ் மேலும் உள்ளே உள்ள கம்பியின் பெயரும் உச்ச வெப்பமும் எழுதி ஒட்ட வேண்டும். லேப் மேஜையில் ஒரு காந்தம் கிடக்க வேண்டும். பிரேக்கேஜ் பணத்தைவிட இது ரொம்ப மலிவு. நாளை ஏதாவது பட்டறையில் முதலாளி "காயில் ஏன் போச்சு?" என்று கேட்கும்போது, கம்பியைத் திட்டுபவன் டிப்ளமோக்காரன் அல்ல, காரணம் சொல்பவனே டிப்ளமோக்காரன். சிந்திப்போம் நண்பர்களே!